நாற்பத்து மூன்று பக்கம்

துறைத் தலைவர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது பல்கலைக்கழகத்தில் ஒருத்தருக்கும் சந்தோஷமில்லை. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை. வராதவர்கள் பட்டியல் துணைவேந்தர் மேசைக்குப் போகும் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் அத்தனை பேரும் நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காக மாணவர்களிடம் முன்னாடி வா, முன்னாடி வா என்று கத்தித் தொண்டை கட்டினவர்கள்தான் எல்லாரும். பயிற்சி கொடுக்க வந்த அம்மா திரையில் முதல் படத்தைப் போட்டதுமே சட்டத்துறைத் தலைவர் கையைத் தூக்கி, மூன்றாவது வரியில் ஆண்டு தப்பாக இருக்கிறது என்றார். தத்துவத்துறைத் தலைவர், 'தலைமை' என்றால் என்னவென்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே என்றார். இயற்பியல்காரர் பக்கத்தில் குனிந்து, "இவர் முடிவு பண்றதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்" என்றார்.

கணக்கு மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கணிதத்துறைக்குத் தலைவியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. வளாகம் முழுக்க அவரைக் கணக்கு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவர் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், இந்த ஏழு மாதமாக "என்ன தலைவரே, இன்னிக்கு சாப்பாடு உண்டா?" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

கணக்கு மேடத்தின் மனசு பாரமாக இருந்ததற்குக் காரணம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு படிவம்.

துறையில் ஒரு அக்கா இருந்தார். இரண்டு பேரும் இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் இரண்டு வருஷம் இடமில்லாமல் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினவர்கள். அக்காவுக்கு இப்போது ஐம்பத்தேழு, கணக்கு மேடத்துக்கு ஐம்பத்திரண்டு. கூடப்பிறக்கவில்லையே தவிர, மேடத்தின் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் போன் அக்காவுக்குத்தான் போகும். அக்கா எதையும் மெதுவாகச் செய்வார். மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார், ஒரு கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். துறையில் சின்னவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பேர் நத்தை.

அந்த அக்கா பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். ஓய்வுபெற மூன்று வருஷத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்பது விதி. அடுத்த தடவைக்குள் அக்காவும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார், அதனால் இதுதான் கடைசித் தடவை. படிவத்தில் ஒரு கட்டம்: கடந்த ஐந்து வருஷத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை? குறைந்தது நாலு வேண்டும். அக்காவுக்குப் பூஜ்யம். கணக்கு மேடம் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, கீழே 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உறையில் போட்டு ஒட்டி, தேர்வுக் குழுவுக்குப் போய்விடும். துறைத் தலைவர் வேண்டாம் என்ற ஆளைக் குழு எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயிற்சியின் நிரலில் 'இரண்டாம் நாள்: சொல்லச் சிரமமானதைச் சொல்வது' என்று இருந்ததைப் பார்த்துத்தான் அவர் மனசாரக் கிளம்பி வந்தார். மற்றவர்கள் பட்டியலுக்குப் பயந்து வந்தார்கள் என்றால், இவர் நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்தார்.

வியாழக்கிழமை காலை பயிற்சியாளர் தன்னோடு இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது. ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. "இவங்க நாடக நடிகை. நீங்க யார்கிட்ட எதைச் சொல்ல முடியாம தவிக்கிறீங்களோ, அந்த ஆளைப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. இவங்க அந்த ஆளா உக்காருவாங்க. நீங்க பேசிப் பாருங்க" என்றார். சொல்வதற்கு மூன்று படி உண்டு என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். முதலில் நல்லதாக ஒன்று, அப்புறம் விஷயம், அப்புறம் மேற்கொண்டு என்ன வழி.

முதலில் போனவர் இயற்பியல்காரர். அவருடைய ஆய்வகப் பொருள் காப்பாளர், எதையும் பதிவேட்டில் எழுதாமலேயே எடுத்துக் கொடுத்துவிடுபவர். நடிகை சீட்டைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யவில்லை. ஆனால் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. ஒரு கால் முன்னால் நீண்டது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தது ஐம்பத்தைந்து வயது ஆண் ஒருவர், இடுப்பில் சாவிக்கொத்தோடு.

"என்ன சார், கூப்பிட்டீங்களாம்?"

இயற்பியல்காரர் படபடத்துப் போய்விட்டார். "இல்ல, சும்மாதான், உக்காருங்க" என்றார்.

"உக்காந்துதான் சார் இருக்கேன்."

நாலு நிமிஷத்தில் இயற்பியல்காரர் அவரிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, பதிவேட்டைத் தானே எழுதிவிடுவதாக ஒப்புக்கொண்டு இறங்கினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் திரும்பி வந்து கணக்கு மேடத்தின் காதில், "என் ஆளு இருமறதுக்கு முன்னாடி கையை நெஞ்சில வைப்பான். நான் அதை எழுதவே இல்ல. அந்தம்மா வெச்சாங்க, பாத்தீங்களா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்தது கணக்கு மேடம். வயது, சர்வீஸ், பூஜ்யம், பதவி உயர்வு என்று எழுதியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நீளக் கட்டுரை எழுதித் தன் கையில் கொடுத்தார், எந்த இதழிலும் வரவில்லை என்பதையும் எழுதியிருந்தார். கோபப்பட மாட்டார், கத்த மாட்டார் என்று முடித்திருந்தார். நடிகை அதை இரண்டு தடவை படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களை அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

"நீ, வா, போதான்."

நடிகை தலையாட்டிவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். சாக்பீஸ் தூளைத் தட்டுகிற மாதிரி.

அது அக்காவேதான்.

"வாங்க அக்கா" என்றார் கணக்கு மேடம். "உங்க இருபத்துநாலு வருஷ உழைப்பை நாங்க எல்லாருமே ரொம்ப மதிக்கிறோம். பசங்களுக்கு உங்க கிளாஸ்னா உயிர்."

எதிரே இருந்தவர் அவரையே பார்த்தார்.

"இந்தத் தடவை பதவி உயர்வுக்கு என்னால பரிந்துரை பண்ண முடியலக்கா. அஞ்சு வருஷத்துல ஒரு பேப்பர்கூட வரல. நாலாவது கேக்கறாங்க. இது என் கையில இல்ல. அடுத்து என்ன செய்யலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்."

மூன்று படியும் முடிந்துவிட்டது. பயிற்சியாளர்கூடத் தலையை ஆட்டினார்.

"சரி" என்றார் எதிரே இருந்தவர்.

கணக்கு மேடத்துக்கு உயிர் வந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கக்கா."

"உன்கிட்ட ஒரு பேப்பர் குடுத்தேனே. படிச்சியா?"

"அது இன்னும் எந்த இதழ்லயும் வரலியேக்கா..."

"வந்துச்சான்னு கேக்கல. படிச்சியான்னு கேட்டேன்."

"முதல் பக்கம் பாத்தேன்" என்றார் கணக்கு மேடம் கடைசியில்.

"சரி."

அந்த இரண்டாவது 'சரி' முதலாவதைவிட மிருதுவாக இருந்தது. எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அந்தப் பெண் நடந்துபோனார். கதவு வரைக்கும் அக்கா. கதவைத் தொட்டதும் ரப்பர் செருப்புப் போட்ட நடிகை.

பயிற்சியாளர் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். "உங்க துறையில இருக்கறவங்க எழுதினதுல ஏதாவது ஒண்ணை, இந்த ஒரு வருஷத்துல முழுசா படிச்சவங்க கை தூக்குங்க." இத்தனை பக்கம், இத்தனை கட்டுரை, இத்தனை மேற்கோள் என்று எண்ணி எண்ணியே ஆட்களை எடை போட்டவர்கள் அந்தப் பன்னிரண்டு பேரும். ஒரு கையும் எழவில்லை. தத்துவத்துறைத் தலைவரின் கை மட்டும் பாதி எழுந்து, "முன்னுரை மட்டும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கியது.

தேநீர் இடைவேளையில் கணக்கு மேடம் நடிகையைத் தேடிப் பிடித்தார். "சாக்பீஸ் தூள் தட்டறது எப்படிங்க தெரியும்? நான் எழுதவே இல்லையே."

நடிகை பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடியே சிரித்தார். "நீங்க சீட்டைக் குடுக்கும்போது நீங்களே அப்படித்தான் விரலைத் தேச்சீங்க. ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து வேலை பாத்தவங்களோன்னு தோணிச்சு. எடுத்துக்கிட்டேன்."

"அந்தக் கேள்வி?"

"அது நானா கேக்கலைங்க. மூணு வருஷமா ஒருத்தி தான் எழுதினதை ஒருத்திகிட்ட குடுத்துட்டு சும்மா இருக்கான்னா, அவ மனசுல வேற என்ன கேள்வி இருக்கும்?"

ஒரு மனுஷி, அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு மனுஷிக்குள் இவ்வளவு தூரம் போக முடியுமா என்று மேடம் மலைத்து நின்றார். தேநீர் ஆறிப்போனது.

மதியம் நேர மேலாண்மை என்று ஒரு வகுப்பு. கணக்கு மேடம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வகுப்பைக் கட் அடித்தார். பயிற்சி மைய அலுவலகத்துக்குப் போய், அக்கா அப்போதே மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்த அந்தக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தி மூணு பக்கமா? இதுக்குப் பேர் கட்டுரையா மேடம்?" என்றார். இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தார். மேடம் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற வளைவில் போய் உட்கார்ந்தார்.

கட்டுரை முடிச்சுகளைப் பற்றியது. ஒரு நீளக் கயிற்றை எப்படி எப்படியோ சிக்கலாக்கி, கடைசியில் இரண்டு நுனியையும் ஒட்டிவிட்டோம் என்று வையுங்கள். இப்போது கயிற்றை அறுக்காமல் சிக்கலைப் பிரித்து வெறும் வளையமாக்க முடியுமா? பார்த்தால் தெரியாது. சிலது பயங்கரச் சிக்கல் மாதிரி இருக்கும், உதறினால் அவிழ்ந்துவிடும். சிலது லேசாக இருக்கும், ஆயிரம் வருஷம் உட்கார்ந்தாலும் அவிழாது. எல்லாரும் செய்கிறபடி, சிக்கலை வெளியிலிருந்து படம்போலப் பார்த்து எண்ணிக்கொண்டே போனால் கணக்கு மலைபோல வளர்ந்துவிடும். மேடத்துக்கு இதெல்லாம் தெரிந்ததுதான்.

மூன்றாம் பக்கத்தில் அக்கா கயிற்றின் மேல் ஒரு எறும்பை விட்டிருந்தார்.

எறும்புக்கு முழுச் சிக்கல் தெரியாது. அது நடந்துகொண்டே இருக்கும். ஒரு இடத்தில் இன்னொரு கயிறு தன் தலைக்கு மேலே போனால் 'கீழே' என்று குறித்துக்கொள்ளும். தான் இன்னொன்றின் மேலே ஏறிப் போனால் 'மேலே' என்று குறிக்கும். ஒரு சுற்று முடிந்ததும் அதன் கையில் ஒரு குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். ஒரு வகை முடிச்சுகளுக்கு அந்தக் குறிப்பு ஒன்றே போதும், அவிழுமா அவிழாதா என்று சொல்லிவிடலாம் என்கிறது கட்டுரை. உள்ளேயே நடக்கிற, ஒன்றுமே தெரியாத அந்த எறும்புக்குத் தெரியும்.

மேடம் படிக்கிறார், படிக்கிறார். எட்டாம் பக்கத்தில் தன்னையறியாமல் "அடியம்மா!" என்றார் சத்தமாக. படியில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எந்த இடத்திலும் பகட்டு இல்லை. தேவையில்லாத ஒரு குறியீடு இல்லை. ஒவ்வொரு வரியும் அக்கா பேசுகிற மாதிரியே மெதுவாக, நிதானமாக, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. தான் இந்த ஐந்து வருஷத்தில் எழுதின ஆறு கட்டுரைகளும் நினைவுக்கு வந்தன. ஆறும் வெளிவந்தவை. ஆறையும் சேர்த்தாலும் இந்த எட்டாம் பக்கத்துக்கு உறைபோடக் காணாது. இவ்வளவு பெரிய விஷயம் மூன்று வருஷமாக என் மேசையில், வருகைப் பதிவேட்டுக்குக் கீழே, தேநீர்க் கறையோடு கிடந்ததா?

பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

எறும்பு எதிர்த்திசையில் நடந்தாலும் அதே விடைதான் வரும் என்று ஒரு வரி. பக்கத்திலேயே 'இது தெளிவு' என்று போட்டிருந்தது. மேடத்துக்குத் தெளிவாக இல்லை. திரும்பிப் படித்தார். பென்சிலால் வரைந்து பார்த்தார். ஏன் அப்படி வரவேண்டும்? வராமல் போனால்? அந்த ஒரு வரி விழுந்தால் மீதி இருபத்தாறு பக்கமும் சரிந்துவிடும். அப்படியானால் பூஜ்யம் பூஜ்யமேதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், பால்கனியில் துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்து, சோபாவில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கணவர் ஈரத்துணி வாளியோடு வந்து நின்றார்.

"தலைவரே, கயிறு எங்க?"

"என் மடியில."

"பயிற்சியில இதெல்லாம் சொல்லித் தராங்களா? யாரைக் கட்டப் போற?"

"அக்கா என்னமோ பெருசா எழுதி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு இடம் எனக்குப் புரியல."

"அப்ப அக்காகிட்டயே கேளேன். போன் பண்ணு."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? மூணு வருஷம் முன்னாடி குடுத்தாங்க."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். "இருக்கற மூஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு, துணியையெல்லாம் நாற்காலி முதுகில் காயப்போடப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த இடம் பிடிபடவில்லை. பயிற்சியின் கடைசிப் பகுதி இரண்டு மணிக்கு. சான்றிதழ், குழுப் புகைப்படம், தலைவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து உறுதிமொழி சொல்வது. கணக்கு மேடம் பையை எடுத்துக்கொண்டார்.

"எங்க மேடம்? போட்டோவுக்கு நிக்கலியா?" என்றார் இயற்பியல்காரர்.

"ஒரு சந்தேகம் கேக்கணும்."

"பயிற்சியாளர் உள்ளதானே இருக்காங்க?"

"அவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

துறையில் அக்கா அறைக் கதவு திறந்தே இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்தில் கட்டிடமே காலி. அக்கா போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"என்னடி, உனக்குப் பயிற்சி இல்ல?"

"அக்கா, பதினேழாம் பக்கம்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டார். "எந்தப் பதினேழு?" என்றார், தெரியாத மாதிரி. குரல் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

"எதிர்த்திசையில போனாலும் அதே விடைன்னு எழுதி, 'இது தெளிவு'ன்னு போட்டிருக்கீங்க. ஒரு நாளா மண்டையை உடைச்சுக்கறேன். எனக்குத் தெளிவா இல்லக்கா. தப்போன்னு பயமா இருக்கு."

"எதை வெச்சுப் பாத்த?"

"கயிறு."

"அதான். கயிறுக்கு ஓரம் ஏது?"

அக்கா மேசையிலிருந்த பழைய ஃபைல் ஒன்றின் நாடாவை உருவினார். தட்டையான, விரலகல நாடா. அதை வளைத்து, நுழைத்து, தளர்ச்சியாக ஒரு முடிச்சாக்கி, இரண்டு நுனியையும் ஒரு குண்டூசியால் குத்தி மேடத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப ரெண்டு ஓரம் இருக்கு. இந்த ஓரத்துல ஒரு எறும்பு போகுது. அந்த ஓரத்துல இன்னொரு எறும்பு எதிர்ல வருது. நாடா எங்க மேல ஏறுதோ அங்க ரெண்டு ஓரமும் சேந்துதானே ஏறும்? இவ பாக்கறதை அவ பாக்காம எங்க போவா? முன்ன பின்ன பாக்கலாம். பாக்காம இருக்க முடியாது."

மேடம் நாடாவைப் பார்த்தார். விரலால் ஒரு ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு மறு ஓரத்தில் திரும்பி வந்தார். ஏதோ ஒரு இடத்தில், எந்த இடம் என்று பின்னால் அவரால் சொல்ல முடியவில்லை, எல்லாம் சட்டென்று ஒன்றாகப் போய் உட்கார்ந்தது. இருட்டு அறையில் சுவர் எங்கே என்று தடவிக்கொண்டிருந்தவருக்கு ஜன்னலையே திறந்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளங்கையில் அரைப் பைசாப் பெறாத பழைய நாடா. அதற்குள் இது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் இருந்திருக்கும்.

"அக்கா" என்றார். கண் கலங்கிவிட்டது.

"தெளிவுதானே?"

"இப்பத் தெளிவு! இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"ரெண்டு வருஷம்" என்றார் அக்கா, வெட்கத்தோடு.

"ரெண்டு வருஷம் உக்காந்து கண்டுபிடிச்சதை ஒரு வார்த்தையில 'இது தெளிவு'ன்னு எழுதிட்டீங்களா?"

"கண்டுபிடிச்ச அன்னிக்கு அவ்வளவு தெளிவா இருந்துச்சுடி. விளக்கினா படிக்கறவங்களை முட்டாள்னு சொல்ற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்." அக்கா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "ரெண்டு இதழுக்கு அனுப்பினேன். ரெண்டு பேரும் பதினேழுக்கு மேல போக முடியலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சரியாப் படிக்காம சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"படிச்சிருக்காங்கக்கா. என்னைவிட நல்லாவே படிச்சிருக்காங்க. அது தெளிவு இல்ல. அதை எழுதுங்க. நாடாவோட எழுதுங்க."

கணக்கு மேடம் தலைவியாகி ஏழு மாதத்தில் யாரிடமும் இவ்வளவு நேராகப் பேசினதில்லை. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. யோசித்தார். அவருக்கே உரிய அந்த ஐந்து நிமிஷ யோசனை.

"நாலு பக்கம் ஆகும்" என்றார் கடைசியில்.

"ஆகட்டும்." மேடம் நாடாவை மேசையில் வைத்தார். இனிமேல் தள்ளிப்போட முடியாது. "அக்கா, செவ்வாய்க்கிழமையே உங்க படிவத்துல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"நீதான். அன்னிக்கு வராந்தாவுல என்னைப் பாத்துட்டு நோட்டீஸ் போர்டைப் படிக்க ஆரம்பிச்சியே. அதுல போன வருஷத்து விளையாட்டுப் போட்டி நோட்டீஸ்தான் இருந்துச்சு." அக்கா லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வலிச்சுச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். பதவிக்காக மட்டும் இல்ல. நீ ஒருத்தியாவது படிப்பேன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டால் அது சின்னதாகப் போய்விடும் என்று மேடத்துக்குத் தோன்றியது. "மீதியையும் சொல்லுங்க" என்றார். "அஞ்சு மணிக்குள்ள எனக்கு முழுசாத் தெரியணும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. எழுந்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து மேடம் பார்த்ததில்லை. "இருபத்தி ஒன்பதாம் பக்கம்தான் விஷயமே இருக்கு. பதினேழு வெறும் வாசப்படி" என்று சொல்லிச் சாக்பீஸை எடுத்தார்.

போர்டு நிறைந்தது, அழிந்தது, மறுபடி நிறைந்தது. மேடம் கேள்வி கேட்டார், தகராறு செய்தார், ஒரு இடத்தில் எழுந்துபோய் அக்கா கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கித் தானே எழுதிப் பார்த்து, தானே தோற்று, திருப்பிக் கொடுத்தார். இருபத்தொன்பதாம் பக்கம் வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சிக்கல் சிக்கலாக, முடிவே இல்லாமல் அடுக்கி வைத்த மாதிரி இருந்த அத்தனை முடிச்சுகளும் அந்தச் சின்ன எறும்பின் ஒரே ஒரு வரிக் குறிப்புக்கு முன்னால் இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றன. அவிழ்வது ஒரு பக்கம், அவிழாதது ஒரு பக்கம். இந்த வளாகத்தில், இந்தக் கட்டிடத்தில், இந்த அறையில், இதைப் பார்த்திருப்பது உலகத்தில் இப்போது இரண்டே பேர். மேடம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"நாலு இருபத்தஞ்சு" என்றார் அக்கா.

பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் ஜன்னலைச் சாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார். படிவத்தைத் திருத்தவேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தார். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"பழசை அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க மேடம். புதுசை எழுதுங்க. திருத்தினதுக்குக் காரணம்னு கீழ ஒரு கட்டம் இருக்கு, அதையும் நிரப்பணும். இல்லன்னா செல்லாது."

கட்டுரை எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அதை மாற்ற முடியாது, அது உண்மை. மேடம் 'பரிந்துரைக்கவில்லை'யை அடித்தார். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார். இன்னும் வெளிவராத நாற்பத்து மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன், இந்தத் துறையில் நான் இருந்த காலத்தில் எழுதப்பட்டவற்றில் இதுவே பெரியது, குழு கேட்டால் நானே வந்து விளக்குகிறேன் என்று எழுதினார். பிறகு காரணக் கட்டத்துக்கு வந்தார். ஒரே வரி எழுதினார்.

எழுத்தர் படிவத்தைத் திருப்பி வைத்துப் படித்தார். 'செவ்வாய்க்கிழமை நான் இதைப் படித்திருக்கவில்லை.'

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், நல்லதுக்குச் சொல்றேன். இது ஃபைல்ல நிக்கும். நாளைக்கு உங்களையே கேப்பாங்க, படிக்காமலா எழுதினீங்கன்னு. 'மறுபரிசீலனை'ன்னு ஒரு வார்த்தை போடுங்க. எல்லாரும் அதான் போடுவாங்க."

"கேட்டா ஆமான்னு சொல்றேன்."

"வேற தாள் தரேன். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

"வேணாங்க. நடந்தது அதான்."

எழுத்தர் அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றி, தேதியும் நேரமும் தெளிவாக விழும்படி அழுத்திக் குத்தினார். நாலு ஐம்பத்திரண்டு. நாற்பத்து மூன்று பக்கத்தையும் தட்டி ஒழுங்குபடுத்தி, படிவத்தின் பின்னால் வைத்துத் தைத்து, உறைக்குள் தள்ளினார். உறை கொள்ளவில்லை. இழுப்பறையைக் குடைந்து, இருப்பதிலேயே பெரிய உறை ஒன்றை எடுத்தார்.